பழம் பூட்டும் திறவுகோலும்



சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவியில் நீர் பெருகி விழுகிறது என்று கேள்விப்பட்டுத் தென்காசியில் பாதி ஊர் குற்றாலத்திற்குப் புறப்பட்டுச் சென்றுவிட்டது. நான் மட்டும் வீட்டுப் பரணில் ஏறி ஒரு தகரப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். பெட்டி கிடைத்தது. அதற்குள் நான்கு பிளாப்பித் தட்டுகள் இருந்தன. உங்களுள் பலர் அத்தட்டை நேரில் கண்டிருக்கமாட்டீர்கள். உள்ளங்கை அளவான சதுரத் தகடு அது. இன்று ஒரு புகைப்படத்தைக்கூட முழுதாகத் தாங்க வலியற்றது. ஆனால் அக்காலத்தில் ஒரு புத்தகத்தையே தாங்கியது.

1998-ஆம் ஆண்டில், நான் ஆசிரியனாக இருந்த பள்ளிக்குப் பவள விழா வந்தது. மலர் ஒன்று வெளியிட எண்ணினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் பழைய மாணவர்களையும் வீடு வீடாகச் சென்று கண்டு, தத்தம் நினைவுகளை எழுதித்தருமாறு வேண்டி இருபத்தேழு கட்டுரைகள் திரட்டினோம். பள்ளி ஓலைக்கொட்டகையாக இருந்த காலத்தை நேரில் கண்டவர் ஒருவர். மதிய உணவுக்காகப் பிடியரிசி தண்டியவர் ஒருவர். எல்லாவற்றையும் கணிப்பொறியில் தமிழில் தட்டெழுதி முடித்தோம். ஆனால் திரண்ட பணம் ஒன்பது கட்டுரைகளை அச்சிடவே போதியது. எஞ்சிய பதினெட்டும் தட்டுகளிலேயே தங்கின. கையெழுத்துத் தாள்களோ, கிடங்கின் ஓடு ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் கூழாகிப் போயின. எழுதியவர்களில் ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் இன்று உயிரோடு இல்லை.

2011-ஆம் ஆண்டில் சோஹோ நிறுவனம் மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்த பின்னர், மென்பொருள் எழுதும் இளைஞர்களைக் காண்பது நம் வட்டாரத்தில் புதுமையன்று. அத்தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர் இருவரிடம் தட்டுகளைக் கொடுத்தேன். ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. மற்ற மூன்றும் படிந்தன. ஆனால் திரையில் தோன்றியது தமிழன்று, ஆங்கிலமும் அன்று, கோடுகளும் கொக்கிகளும் கலந்த ஏதோ ஒரு குப்பை. “சார், எழுத்தெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆனால் எந்தக் குறி எந்த எழுத்து என்று சொல்லும் மென்பொருள்தான் நம்மிடம் இல்லை” என்றான் ஒருவன்.

அம்மென்பொருளை எழுதியவரைத் தேடிப் பிடித்தோம். சென்னையில் இருக்கிறார், என்னிலும் மூத்தவர். அவருடைய சிறு நிறுவனம் மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தொலைபேசியில் பேசினேன். “ஐயா, இனி அதனை விற்று நீங்கள் பொருள் ஈட்டப் போவதில்லை. மூலத்தையே வெளியிட்டுவிட்டால் எங்களைப்போல் எத்தனையோ பேர் பழைய ஏடுகளைப் படிப்பார்களே” என்றேன். அவர் சினங்கொள்ளவில்லை. “மறுக்க எனக்கு மனமில்லை சார். ஆனால் கொடுக்க என் கையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். பிறகு அடுக்கினார். நிறுவனத்தில் பங்காளி ஒருவர் இருந்தார், அவர் காலமாகிவிட்டார், மக்கள் வெளிநாட்டில். எழுத்து வடிவங்களை வரைந்தவர் வேறொரு ஓவியர். விற்பதற்கு மட்டுமே அவரிடம் இசைவு பெற்றிருந்தார்கள். மூலநிரல் இருந்த வட்டு பழுதாகி வெகுகாலமாயிற்று.

மனமிருந்தும் கொடுக்க இயலாத இந்நிலை அப்பெரியவர் ஒருவருக்கே உரியதன்று. உலகின் மிகப் பெரிய கணிப்பொறி நிறுவனங்களும் தம் பழைய இயங்குதளங்களைத் திறந்துவிட எண்ணியபோது இதே இடர்களில்தான் இடறி நின்றன. அதைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு, மற்ற மென்பொருள்கள் இயங்குவதற்கு இடங்கொடுப்பது இயங்குதளம். அதனை மனிதர்கள் தாம் படித்தறியக்கூடிய ஒரு மொழியில் எழுதுகிறார்கள், அது மூலநிரல். பின்னர் அதனை எந்திரத்திற்கு மட்டும் விளங்கும் எண்களாக மாற்றி நமக்கு விற்கிறார்கள். குற்றாலத்தில் அருவிக்குச் செல்லும் வழியெங்கும் மூலிகைத் தைலம் விற்பதைக் கண்டிருப்பீர்கள். புட்டியை எவரும் வாங்கலாம், பூசிக்கொள்ளலாம். எந்தப் பச்சிலை எத்தனை பலம், எந்தப் பதத்தில் இறக்குவது என்பது விற்பவருக்கே தெரியும். தைலத்தை எவ்வளவு முகர்ந்து பார்த்தாலும் அதனை மீண்டும் இலையும் வேருமாகப் பிரித்துவிட முடியாது. செய்முறையைப் பூட்டிவைத்துப் புட்டியை மட்டும் விற்பது தனியுடைமை மென்பொருள். செய்முறையை எழுதி வெளியிட்டு, ‘இதைப் பார்த்து நீங்களும் காய்ச்சலாம், மாற்றலாம், விற்கலாம்’ என்று எழுத்து மூலம் இசைவு தருவது திறந்த மூலம். அந்த இசைவுச் சீட்டுக்கு உரிமம் என்று பெயர்.

தொடக்கத்திலேயே திறந்து எழுதுவது எளிது. ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருந்ததைப் பின்னர் திறப்பதுதான் கடினம். முதற் கடினம், அது யாருடையது என்ற வினா.

நம் பக்கத்து ஊர்க் கதையே இதற்குப் போதுமானது. அம்பாசமுத்திரம் சாலையில் இருக்கும் கடையம், பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர். புதுச்சேரியிலிருந்து 1918-இல் வெளியேறிக் கைதாகி விடுதலை பெற்றபின், பாரதியார் 1920 வரை கடையத்தில் வாழ்ந்தார். தம் எழுத்துகளையெல்லாம் அச்சேற்றிவிட வேண்டுமென்று அக்காலத்தில் அவர் பெரிதும் முயன்றார், கைகூடவில்லை. 1921-இல் மறைந்தார். அதன் பின்னர் அவருடைய பாட்டுகளின் உரிமை ஒரே கையில் நிற்கவில்லை. நூலாக அச்சிடும் உரிமை ஒரு வழியில் சென்று அவருடைய தம்பி விசுவநாதனிடம் சேர்ந்தது. ஒலித்தட்டிலும் திரைப்படத்திலும் பாடவைக்கும் உரிமை வேறொரு வழியில் சென்று படமுதலாளி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. நாடே பாடிய பாட்டை மேடையிலோ திரையிலோ பாடுவதற்கு ஒருவரிடம் இசைவு கேட்கவேண்டும் என்ற நிலையைக் கண்டு எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1949-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் உரிமைகளைப் பெற்றது. சில ஆண்டுகளில் அவை பொதுவுடைமையாயின. ஒரே மனிதர் தனியே இருந்து எழுதியவை அப்பாட்டுகள். அவற்றைத் திறப்பதற்கே அரசாங்கம் ஒவ்வோர் உரிமையாளரையும் தனித்தனியே அணுக வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானோர் கூடி எழுதிய ஓர் இயங்குதளத்தில் எத்தனை கைகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சி.பி.எம். என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். 1970-களின் நடுவில் கேரி கில்டால் என்பவர் எழுதியது. சிறு கணிப்பொறிகளின் முதற் காலத்தில் பெருவழக்காய் இருந்தது. அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை 1991-இல் நோவெல் வாங்கியது. நோவெலிடமிருந்து கால்டெரா, அதிலிருந்து பிரிந்த லினியோ என்று சொத்து கை மாறிக்கொண்டே சென்றது. 2001-இல் லினியோவின் தலைவர், பழம் நிரல்களைப் பாதுகாத்து வைத்திருந்த ஒரு தளத்திற்கு இசைவு கொடுத்தார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: இசைவு அந்த ஒரு தளத்திற்கு மட்டுமா, எல்லோருக்குமா? கடிதத்தின் வாசகம் இரண்டிற்கும் இடங்கொடுத்தது. எல்லோருக்குமே என்று அவரே தெளிவாக எழுதித்தர 2022-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஒரு சொல் குறைந்ததால் இருபத்தோர் ஆண்டு ஐயம்! நிலம் வாங்குபவர்கள் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதேன் என்று உங்கள் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். நான் சொல்வது விளங்கும்.

கூட்டுப் பட்டா இன்னும் சிக்கலானது. ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 1980-களில் கூடி எழுதிய ஓ.எஸ்-2 என்னும் இயங்குதளம் உண்டு. பின்னர் இருவரும் பிரிந்தார்கள். விற்பனை ஓய்ந்தபின்னும் அதனிடம் பற்று வைத்திருந்தவர்கள், மூலத்தைத் திறந்துவிடுமாறு ஐ.பி.எம்முக்கு 2005-லும் 2007-லும் விண்ணப்பம் அனுப்பினார்கள். தொழில், நுட்பம், சட்டம் ஆகிய பலவகைக் காரணங்களால் இயலாது என்பதே மறுமொழி. சட்டக் காரணம் இன்னதென்று விரித்துரைக்கவில்லை. ஆயினும் இருவர் கூடி எழுதிய ஒன்றை ஒருவர் மட்டும் பொதுவில் வைத்துவிட முடியாது என்பது நமக்கும் தெரியும்.

இனி, உரிமை தெளிந்தவரை திறந்துவிட்டு, தெளியாத பகுதியை மட்டும் பூட்டியே வைக்கலாமே என்பீர்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அவ்வாறே செய்தது. சோலாரிஸ் என்னும் தன் பெரிய இயங்குதளத்தை, வழக்கறிஞர்களைக் கொண்டு கோப்புக் கோப்பாக ஆராய்ந்து, 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டது. பிறருக்குரிய துண்டுகள் மட்டும் எந்திர எண்களாகவே கொடுக்கப்பட்டன. அவ்வாறு பூட்டி நின்றவற்றுள் ஒன்று எது தெரியுமா? பல நாட்டு மொழிகளையும் எழுத்துகளையும் கையாளும் பகுதி! வீட்டைத் திறந்துவிட்டார்கள்; ஆனால் வாசற்படி மட்டும் அயலாருடையது என்பது போன்ற நிலை. 2010-இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை விலைக்கு வாங்கிய பின்னர், புதிய மூலத்தை வெளியிடும் வழக்கம் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், முன்பு வெளிவந்த மூலத்தைக் கொண்டு இல்லுமோஸ் என்னும் பெயரில் சிலர் தனிக்குடித்தனம் தொடங்கினார்கள். அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, பூட்டிக் கிடந்த அந்த மொழிப் பகுதியைப் புதிதாக எழுதியதுதான். ஆரக்கிள் கதவை மீண்டும் சாத்த முடிந்தது. ஆனால் ஏற்கெனவே உரிமத்தோடு வெளிவந்ததைத் திரும்பப் பெற முடியவில்லை. உரிமம் என்னும் சிறு தாளின் வலிமை அங்கே தெரிகிறது.

நிற்க. உரிமையெல்லாம் தெளிந்துவிட்டது என்றே கொள்வோம். பொருள் எங்கே இருக்கிறது? இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். தன் சொந்த நிரலை ஒரு நிறுவனம் தொலைத்துவிடுமா? தொலைத்துவிடும். விற்பனைக்குரிய புட்டி எங்கும் இருக்கும். செய்முறை ஏடு ஓரிடத்தில்தான் இருக்கும். அந்த ஓரிடம் அலுவலகம் மாறுகையில் குப்பைக்குச் செல்லும்.

தொண்ணூறுகளில் தென்காசியில் கணிப்பொறி கற்றவர்கள் முதலில் கண்டது எம்.எஸ். டாஸ் என்னும் கறுப்புத் திரையைத்தான். என் பவள விழா மலரும் அதன்மீதுதான் எழுந்தது. அதன் நான்காம் பதிப்பு வெளிவந்த வரலாறு சுவையானது. ரே ஓசி என்னும் புகழ்பெற்ற நிரலாளர், தாம் லோட்டஸ் நிறுவனத்தில் இருந்த காலத்துப் பழைய தட்டுகளைப் பாதுகாத்து வைத்திருந்தார். வெளிவராமலே போன ஒரு பல்பணி டாஸின் வெள்ளோட்டப் பிரதி அவற்றில் இருந்தது. அதன் முழு மூலத்தையும் தேடி மைக்ரோசாப்ட் தன் களஞ்சியத்தைத் துழாவியது, கிடைக்கவில்லை. ஆனால் தேடிய இடத்தில் 4.00 என்னும் பதிப்பின் மூலம் கிடைத்தது. அப்பதிப்பில் ஐ.பி.எம்முக்கும் பங்கிருந்தமையால், அவர்களோடு கலந்தே 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். எம்.ஐ.டி. உரிமம் என்பர், மிகவும் தாராளமானது.

வெளியிட்டவுடன் பழம் நிரல்களில் பயிற்சியுள்ளவர்கள் அதனை எடுத்துக் கட்டிப் பார்த்தார்கள். கட்ட வரவில்லை! காரணத்தை ஆராய்ந்தபோது என் தகரப் பெட்டிதான் எனக்கு நினைவில் வந்தது. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணையை மனிதர்கள் வகுத்துக்கொள்கிறார்கள். பழைய டாஸ் காலத்தில் கட்டங்கள் வரையும் கோடுகளுக்கும் அவ்வட்டவணையில் எண்கள் இருந்தன. நிரலாளர்கள் தம் குறிப்புகளில் அழகுக்காக அவற்றால் பெட்டி போட்டு வைத்திருந்தார்கள். இக்கால முறைக்கு மாற்றி வெளியிட்டபோது, ஓர் எண்ணாக இருந்த கோடு இரண்டு மூன்று எண்களாக நீண்டது. வரிகள் அளவு மீறின. பழைய மொழிமாற்றி அவ்வரிகளை ஏற்க மறுத்தது. அன்றியும், ஒவ்வொரு கோப்பிலும் அது எழுதப்பட்ட நாள் பதிவாகி இருந்திருக்கும். வெளியீட்டு முறையில் அந்நாட்கள் மறைந்து எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை போலாயின. வரலாறு கற்பவர்க்கு நாள் எத்துணை இன்றியமையாதது! பழைய ஓலையைப் படியெடுக்கையில் அழகாக எழுதவேண்டும் என்று எழுத்தைத் திருத்திவிடுபவரும் உண்டு. அன்பினால் செய்யும் பிழை அது. இருப்பதை இருந்தபடி கொடுப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

தமிழர்களாகிய நாம் இதனைச் சற்று அதிகமாகவே பட்டறிந்தவர்கள். தொண்ணூறுகளில் தமிழ் மென்பொருள் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் அட்டவணையை வகுத்தார்கள். ஒருவர் ‘க’ என்று வைத்த எண்ணில் மற்றொருவர் ‘ழ’ வைத்தார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுவான விசைப்பலகையும் பொதுவான குறியேற்றமும் வகுக்கப்பட்டன. இப்போது எங்கும் ஒருங்குறி வந்துவிட்டது. எங்கள் மலரோ அம்மாநாட்டிற்கு ஓராண்டு முந்திப் பிறந்துவிட்டது!

மற்றொரு தடை உண்டு. அதனைச் சட்டப் புத்தகத்தில் காணமுடியாது. வெட்கம் என்பது அதன் பெயர். ஆசிரியப் பயிற்சியில் எங்களைப் பாடக்குறிப்பு எழுதச் சொல்வார்கள். எனக்காக எழுதிக்கொண்ட குறிப்பில் அடித்தலும் கிறுக்கலும், சில வேளை ஒரு குறும்பு மாணவனைப் பற்றிய முணுமுணுப்பும் இருக்கும். திடீரென்று கல்வி அதிகாரி வந்து அதனைக் கேட்டால் எப்படி இருக்கும்! நிரலாளர்களும் மூலநிரலின் ஓரத்தில் தமக்குத் தாமே பேசிக்கொள்வார்கள். ‘இது ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை’ என்று எழுதியவரும் உண்டு. வெளியிடுமுன் அவற்றையெல்லாம் ஒருவர் படித்துப் பார்க்கவேண்டும். இதைவிடக் கவலைக்குரியது ஒன்று: பழைய நிரலின் பகுதிகள் இன்றைய நிரலிலும் உயிரோடிருக்கலாம், பழையதிலுள்ள ஓட்டையைப் பார்த்துப் புதியதில் திருடன் புகலாம். இந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் இதனையே சாக்காகக் கொண்டு காலங்கடத்துவோர் பலர் என்றும் எண்ணுகிறேன்.

அரைகுறையாகத் திறப்பதும் உண்டு. டாஸின் முதற் பதிப்புகள் இரண்டின் மூலத்தை 2014-இல் கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாக மைக்ரோசாப்ட் வெளியிட்டது. படிக்கலாம், ஆராயலாம், வணிகத்திற்கு ஆகாது என்பது நிபந்தனை. இதில் ஒரு விந்தை நேர்ந்தது. டாஸ் இனி வாராது என்று அறிந்த ஜிம் ஹால் என்னும் கல்லூரி மாணவர், 1994-இலேயே, அதனைப் போன்ற ஒன்றை முதலிலிருந்து தாமே எழுதுவது என்று துணிந்து அன்பர்களைக் கூட்டினார். அதுவே ஃப்ரீடாஸ். பன்னிரண்டு ஆண்டு உழைத்து 2006-இல் முதல் நிறை பதிப்பைக் கொண்டுவந்தார்கள். 2014-இல் மைக்ரோசாப்டின் மூலம் வெளிவந்தபோது அவர்கள் துள்ளிக் குதிக்கவில்லை. அதனைப் பார்த்தவர்கள் எங்கள் நிரலில் கைவைக்க வேண்டா என்று அறிவித்தார்கள். பார்த்து எழுதினார்கள் என்ற பழி வந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் வழக்கில் சிக்கும் அல்லவா? உதவி என்று எண்ணிக் கொடுத்த பொருள் அவர்களுக்கு நஞ்சாயிற்று. 2018-இல் அதே மூலங்கள் தாராள உரிமத்தில் மீண்டும் வெளிவந்த பிறகே அந்த அச்சம் நீங்கியது.

இனி, முழுதும் திறந்தாயிற்று, உரிமமும் நன்று, பொருளும் பழுதின்றி இருக்கிறது. அதன்பின் என்ன? சிம்பியான் என்னும் பெயரை உங்கள் பெற்றோர் அறிந்திருக்கக்கூடும். நோக்கியாவின் உயர்விலைக் கைப்பேசிகளில் இருந்த இயங்குதளம் அது. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் தொழிற்சாலை நடந்தமையால் அப்பெயர் நமக்கு அயலன்று. 2008-இல் சிம்பியான் முழுவதையும் விலைக்கு வாங்கித் திறந்துவிடுவதாக நோக்கியா அறிவித்தது. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நான்கு கோடி வரி நிரல் பொதுவில் வைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய திறப்பு அதற்குமுன் நடந்ததில்லை என்று கொண்டாடினார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே அதற்கென அமைத்த அறநிறுவனம் தன் தளங்களை மூடியது. மறு ஆண்டு நோக்கியா மைக்ரோசாப்டோடு கைகோத்து வேறு வழியில் சென்றது.

ஏன் நிலைக்கவில்லை? நான்கு கோடி வரியை ஓர் அன்பர் மாலை வேளையில் அமர்ந்து படித்துவிட முடியுமா? அதனைக் கட்டுவதற்கு வேண்டிய கருவிகளுள் ஒன்று மற்றொரு நிறுவனம் விலைக்கு விற்பது. அதனை உணர்ந்து எழுதியவர்கள் சம்பளத்திற்கு இருந்தவர்கள். சம்பளம் நின்றதும் வேறிடம் சென்றார்கள். ஆண்ட்ராய்டும் ஐபோனும் வந்து ஊரே இடம் மாறிய பிறகு பழைய சத்திரத்தின் கதவைத் திறந்து வைத்தார்கள். காலம் தாழ்த்தித் திறப்பது மூடியிருப்பதற்குச் சமம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பவில்லை. தாழ்ந்தாலும் திறந்தமையால்தான் அதன் மூலத்தைப் படிகளாக எடுத்து வைத்தார்கள். இன்றும் ஒரு மாணவர் விரும்பினால் எடுத்துப் படிக்கலாம். பயன்பாடு போனாலும் படிப்பு எஞ்சியது. ஆனால் வாழும் பொருளாக வேண்டுமென்றால், அதனைத் தெரிந்த மனிதர்கள் இருக்கும்போதே திறக்கவேண்டும்.

இன்னொன்று சொல்லவேண்டும். திறந்துவிட்டால் பிறர் மாற்றுவார்கள். அதைப் பொறுக்கும் மனம் வேண்டும். குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை அறிவீர்கள். 1954-இல் மறைந்தவர். கம்பனில் ஊறிய அவர், இவை இடைச்செருகல் என்று தமக்குப் பட்ட பாடல்களை நீக்கியும், சொற்களைத் திருத்தியும் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று பதிப்பித்தார். சுவைத்தவர்கள் ஏராளம், கம்பனில் கைவைக்க இவர் யார் என்று சீறிய புலவர்களும் பலர். நான் சிறுவயதில் சீறியவர் பக்கம் இருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். கம்பன் பொதுச்சொத்து. ஆதலின் இரசிகமணி தம் பதிப்பைச் செய்யலாம். பழைய பதிப்பும் அழிந்துவிடவில்லை. இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வழியிருக்கிறது. மென்பொருள் உலகில் இதற்கொரு நல்ல மரபு உண்டு: மாற்றுகிறவர் தம் படைப்புக்கு வேறு பெயர் சூட்டிக்கொள்வார். சோலாரிஸ் என்னும் பெயர் ஆரக்கிளின் வணிகச் சின்னம். நிரலை எடுத்துக்கொண்டவர்கள் அதனால்தான் இல்லுமோஸ் என்றார்கள்.

என் தட்டுகளின் கதையை முடிக்கவேண்டும் அல்லவா? அந்தச் சென்னைப் பெரியவரிடம் மூலம் இல்லை என்றானபின், என் மாணவர் இருவரும் வேறு வழி கண்டார்கள். இருபத்தேழில் ஒன்பது கட்டுரைகள் அச்சில் இருக்கின்றன. அதே ஒன்பதும் தட்டிலும் இருக்கின்றன. அச்சிட்ட பக்கத்தை ஒருபுறமும் திரையிலுள்ள குப்பையை மறுபுறமும் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு அட்டவணையை மீட்டார்கள். நானும் மூக்குக்கண்ணாடியோடு உடன் இருந்தேன். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே தனிக்குறியாக வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுதும் சென்றது. பதினைந்து நாளில் பதினாறு கட்டுரைகள் படிக்க வந்தன. பூஞ்சை படர்ந்த தட்டில் இருந்த இரண்டும் போனவை போனவைதாம்.

ஓரிடத்தில் மட்டும் முட்டி நின்றோம். எங்கள் தமிழாசிரியர் ஒருவர் ஆண்டுகளையெல்லாம் தமிழ் எண்களில் எழுதும் வழக்கமுடையவர். அச்சான ஒன்பதில் தமிழ் எண் ஒன்றுகூட இல்லை. ஆகவே அவர் பள்ளிக்கு வந்த ஆண்டும், ஓலைக்கொட்டகை எரிந்த ஆண்டும் வெறுங்கொக்கிகளாகவே நின்றன. அட்டவணையைத் தாளில் அச்சிட்டுச் சென்னைக்கு அஞ்சலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது. இரண்டு இடங்களில் எங்கள் பிழையைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். தமிழ் எண்களுள் ஏழுக்கு எதிரே தம் கையால் குறி எழுதியிருந்தார். மற்ற மூன்றுக்கு எதிரே ‘நினைவில் இல்லை’ என்றிருந்தது. தாளின் அடியில், ‘இவ்வட்டவணையை எவரும் எவ்வகையிலும் பயன்படுத்தலாம், வெளியிடலாம்’ என்று எழுதி, நாள் இட்டு, கையொப்பமும் இட்டிருந்தார். பங்காளியின் மக்களுக்கும் எழுதிக் கேட்டிருப்பதாகத் தனியே ஒரு குறிப்பு. ஓலைக்கொட்டகை எரிந்த ஆண்டு இப்போது தெரிந்துவிட்டது. ஆசிரியர் பள்ளிக்கு வந்த ஆண்டில் கடைசி எண் மட்டும் இன்னும் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.